சிவபாண்டி கடித்த கள்ளிப்பழம்

உசிலம்பட்டி,
மாசி மாதம், வியாழக்கிழமை காலை.

அன்பு மகள் பவதாரிணிக்கு, சித்தப்பன் சின்னக்கருப்பன் உட்கார்ந்து நிதானமாக எழுதுவது. இங்கே நானும் உன் சின்னம்மா மலையம்மாளும், ஏழு ஆடும், நாய் கருப்பும் திடமாக இருக்கிறோம், கருப்புக்கு மட்டும் காதில் உண்ணி ஏறி இரண்டு நாளாகத் தலையை உதறிக்கொண்டே திரிகிறது. அங்கே அயர்லாந்துக் குளிரில் உன் உடம்பு எப்படி இருக்கிறது, ஆஸ்பத்திரியில் இன்னும் பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைக்கிறார்களா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று தெரியாமல் எங்களுக்கு இங்கே சோறு இறங்குவதில்லை. போன வாரம் போனில் உன் தொண்டை கட்டியிருந்தது, நீ இல்லை என்று சாதித்தாய், எனக்குத் தெரியாதா, மிளகைத் தட்டிப் போட்டுக் குடி. இந்தக் காலத்தில் யார் காகிதத்தில் எழுதுகிறார்கள், போனில் சொன்னால் ஆகாதா என்று நீ கேட்பாய். போனில் பேசினால் பாதியில் உன் சின்னம்மா பிடுங்கிக்கொள்கிறாள். அதுவும் போக, இது ஒரு தடவை காதில் வாங்கிவிட்டுப் போகிற சங்கதி இல்லை, நீ எடுத்து எடுத்துப் படிக்க வேண்டிய சங்கதி. கூடவே ஒரு சாமானும் வருகிறது, அது போனில் வராது. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் எழுத்து என்று சிரிக்காதே. எங்கள் வாத்தியார், 'ஏலே சின்னக்கருப்பா, நீ மட்டும் படிப்பை விடாம இருந்திருந்தா இந்நேரம் கலெக்டர்டா' என்று பஸ் ஸ்டாண்டில் நாற்பது பேர் முன்னால் வைத்துச் சொன்னவர்.

நீ அன்றைக்குப் போனில் ஒரு கேள்வி கேட்டாய். 'சித்தப்பா, முகேஷ் திரும்பவும் மெசேஜ் போடுறாரு, கட்டிக்கலாமான்னு கேக்குறாரு, நான் என்ன சொல்லட்டும்' என்று. நான் ஆடு கத்துகிறது என்று சொல்லி போனை வைத்தேன். ஆடு கத்தவில்லை தாயி. கோபத்தில்தான் வைத்தேன். அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கடிதம். முகேஷின் அப்பன் சிவபாண்டி உன் சின்னம்மாவோடு கூடப் பிறந்த அண்ணன் என்ற ஒரே காரணத்துக்காக அவனை 'அவர்' என்று எழுதப் பார்த்தேன், பேனா ஒத்துக்கொள்ளவில்லை, ஆகவே 'அவன்' என்றே எழுதுகிறேன், நீ மரியாதைக் குறைவாக நினைக்காதே.

நாலு வருஷத்துக்கு முன்னால், ஆவணியில், அந்த முகேஷுக்கென்று உனக்குப் பூ வைத்துவிட்டுப் போக மூன்று காரில் வந்தார்கள். ஊருக்குள் நான் ஏழு கார் என்று சொல்லி வைத்திருக்கிறேன், உனக்கு மூன்று என்றே எழுதுகிறேன். வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் வீடு கட்டி, வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் கிரானைட் பதித்து, கிரானைட் கடையும் வைத்திருக்கிறவன் வருகிறான் என்று நாங்கள் பாதையைக் கூட்டிப் பெருக்கி வைத்திருந்தோம். காரை விட்டு இறங்கி நம் காட்டு வேலியோரமாக நடந்து வருகையில் சப்பாத்திக்கள்ளி முள் சிவபாண்டியின் காலில் ஏறியது. நீ பட்டுச் சேலையோடு குத்தவைத்து, அவன் காலைத் தூக்கி உன் மடியில் வைத்து, உன் அப்பன் சாகும் வரைக்கும் இடுப்புக் கயிற்றில் கட்டியிருந்து, அப்புறம் என் இடுப்புக்கு வந்த முள்வாங்கியால் அந்த முள்ளை எடுத்தாய். முள் வெளியே வந்த அந்த நிமிஷம், அவன் பெண்சாதி வீட்டு மேலூர்ச் சனம் பத்துப் பேர் பார்த்துக்கொண்டு நிற்க, உன் தலைக்கு மேலேயே அவன் சொன்னான்: 'கள்ளிக்காட்டுல வளந்த பிள்ளைக்கு என் வீட்டுக் கிரானைட் தரையில நடக்கத் தெரியாதுப்பா, வாங்க போவோம்.' பூத்தட்டு திரும்ப டிக்கிக்குள் போனது. கார்கள் போன தூசி அடங்கும் வரைக்கும் நீ எழுந்திருக்கவில்லை, ஒரு கையில் முள்வாங்கி, மறு கையில் அவன் காலில் இருந்து எடுத்த முள். இதை நான் உனக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை, எனக்கே ஞாபகப்படுத்திக்கொள்கிறேன். அவன் வாயாலேயே அந்த வார்த்தையைத் திரும்ப வாங்க வைக்காமல் அவன் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை என்று அன்றைக்கே சத்தியம் பண்ணினேன். நாலு வருஷமாகக் குடிக்கவில்லை. அவன் கூப்பிடவும் இல்லை, அது வேறு விஷயம்.

இப்போது நீ டிக்கெட் போட்டு எங்களை அனுப்பி வைத்த ராஜஸ்தான் டூருக்கு வருகிறேன். ரொம்ப சந்தோஷம் தாயி, நம் வம்சத்தில் விடுமுறைக்கென்று ஊர் சுற்றப் போன முதல் ஆள் நானும் உன் சின்னம்மாவும்தான். மதுரை ஜங்ஷனில் எங்களைப் பார்த்ததும் டூர் மேனேஜர், விக்ரம் என்று ஒரு துடியான பையன், ஓடி வந்து பெட்டியை வாங்கிக்கொண்டு, 'ஐயா உங்களுக்காகத்தான் ரயிலையே நிறுத்தி வச்சிருக்கோம்' என்றான். அப்படியே பெருமையோடு ஏறி என் சீட்டைத் தேடிப் போனால், எதிர் சீட்டில் சிவபாண்டி. மடியில் சக்கரம் வைத்த பெட்டி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, வாயில் சிரிப்பு. 'வா மாப்ள, உக்காரு, என்ன இம்புட்டு லேட்டு' என்கிறான், நேற்றுத்தான் ஒன்றாகச் சாப்பிட்ட மாதிரி. உன் சின்னம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள்தான் அண்ணனிடம் தேதியைச் சொல்லியிருக்கிறாள் என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. இரண்டு நாள் ரயிலில் அவன் என்னைக் கவனித்த கவனிப்பு மாப்பிள்ளைக்குக்கூட நடக்காது. டீ வாங்கித் தருகிறான், மேல் பெர்த்துக்கு ஏறிப்போய் கீழ் பெர்த்தை எனக்கு விடுகிறான், என் துண்டை மடித்து வைக்கிறான். நாக்பூர் தாண்டியதும் சரக்கை அவிழ்த்தான். 'பழசை எல்லாம் மனசுல வச்சுக்காத மாப்ள, நம்ம பிள்ளை அயர்லாந்துல நல்லா இருக்கு, முகேஷும் அங்க போயி ஒரு வேலையைத் தேடிக்கிருவான், சித்திரைத் திருவிழாவுக்குள்ள ஒரு நல்ல வார்த்தை சொல்லு' என்றான். பழசு என்றானே தவிர அந்தப் பழசு என்ன என்று வாய் திறக்கவில்லை. நான் அவன் வாங்கிக் கொடுத்த டீயை ஜன்னலுக்கு வெளியே ஊற்றினேன். டீ நல்ல டீ, வருத்தமாகத்தான் இருந்தது.

ஜோத்பூர் என்ற ஊருக்கு வெளியே பாலைவனச் செடிகளுக்கென்றே ஒரு தோட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். விக்ரம் அதைச் சொன்னபோது, பாலைவனத்தில் என்னப்பா தோட்டம், மணலைப் பாத்தி கட்டி வைத்திருப்பானா என்று கேட்டேன், வேனே குலுங்கிச் சிரித்தது. உள்ளே போய்ப் பார்த்தால், தாயி, நம் காடு! அதே சிவப்புப் பாறை, அதே காய்ந்த காற்று, செருப்பைத் தாண்டிச் சுடுகிற அதே மண். நம் ஒன்றரை ஏக்கரை அப்படியே பேர்த்துக்கொண்டு போய் அங்கே இறக்கிய மாதிரி. ஒரே ஒரு வித்தியாசம், அங்கே ஒவ்வொரு செடிக்கும் ஒரு பெயர்ப்பலகை, சுற்றிக் கல் அடுக்கி மரியாதை. நாம் வெட்டி வெட்டி வரப்பில் வீசுகிறோமே எருக்கு, அதற்குப் பலகை. திருகுகள்ளிக்குப் பலகை. ஆடு தின்னாத செடிக்கெல்லாம் பலகை. பிரண்டைக்கும் பலகை வைத்துக் கம்பியில் ஏற்றிவிட்டிருந்தார்கள், உன் சின்னம்மா அதைப் பார்த்ததும், 'கொழுந்தா இருக்கே, துவையலுக்கு ஆகுமே' என்று கையை நீட்டிவிட்டாள், விக்ரம் பாய்ந்து பிடித்திராவிட்டால் அன்றைக்கு எல்லாரும் போலீஸ் ஸ்டேஷனில்தான் துவையல் தின்றிருப்போம். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து வைத்த கள்ளி ஒன்று நின்றது, இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, நம் மதுரைத் தெற்குக் கோபுரத்தில் பாதி உயரம். இந்த வரியை வாய்விட்டுச் சொல்லி எழுதும்போது உன் சின்னம்மா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, 'தென்னை மரத்துல பாதி இருக்கும், அம்புட்டுத்தான்' என்கிறாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு உயரத்தை நீ வைத்துக்கொள்.

அப்புறம் ஒரு திருப்பத்தில் சப்பாத்திக்கள்ளி. வேறு எங்கோ இருக்கிற வேறு ஜாதிக் கள்ளி இல்லை, நம் வேலியில் நிற்கிற அதே கள்ளி, அதே மஞ்சள் பூ, அதே சிவந்த பழம். வெள்ளைக்காரர்கள் ஆறு பேர் அதற்கு முன்னால் முட்டி போட்டு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். எந்தச் செடியைச் சொல்லி உன்னைத் தள்ளிவிட்டுப் போனார்களோ அந்தச் செடிக்கு முன்னால் உலகமே முட்டி போட்டிருக்கிறது. சரி, இதோடு போதும், மனசு ஆறிவிட்டது என்று நினைத்து நான் நகர்ந்திருப்பேன். அப்போது பின்னால் சிவபாண்டியின் குரல் கேட்டது. எங்களோடு டூர் வந்திருந்த வெங்கடசுப்பிரமணியன் சார், பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர், எந்தப் பலகையைப் பார்த்தாலும் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற மனுஷர், அவரிடம் இவன் சொல்லிக்கொண்டிருக்கிறான்: 'சார், நான் பொறந்து வளந்ததே இதுக்குள்ளதான். எங்க காட்டுல இது ஏக்கர் கணக்குல நிக்கும். இந்தப் பழத்தைத் தின்னு வளந்த ஒடம்பு சார் இது.' அவர் 'அப்படியா, அடடா, கொடுத்து வச்சவர்' என்று இவனை ஏற இறங்கப் பார்க்கிறார். யோசித்துப் பார் தாயி. உன்னைத் தள்ள வேண்டியபோது அது உன் கள்ளிக்காடு. நாலு பேர் மெச்சும்போது அது அவன் தோட்டம்.

பழம் பறிக்கக் கூடாது என்று அங்கே பலகை இருந்தது. நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன், பறிக்கவில்லை. கீழே நாலு பழம் உதிர்ந்து கிடந்தது. சருகு கூட்டிக்கொண்டிருந்த தோட்டக்காரம்மாவிடம் எடுத்துக்கொள்ளவா என்று சைகையில் கேட்டேன். அவள் என் இடுப்புக் கயிற்றில் தொங்கிய முள்வாங்கியைப் பார்த்தாள், சிரித்தாள், தன் பாவாடை மடிப்பிலிருந்து அதே மாதிரி ஒன்றை எடுத்துக் காட்டினாள், ஒரு முனை இடுக்கி, மறு முனை ஊசி. அவள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது, இருந்தாலும் சொந்தக்காரியைப் பார்த்த மாதிரி இருந்தது. எடுத்துக்கோ என்று தலையை ஆட்டினாள். முதல் பழத்தைத் துண்டில் பிடித்து, சொரசொரப்பான பாறையில் நன்றாகத் தேய்த்து, கண்ணுக்குத் தெரியாத மயிர்முள்ளையெல்லாம் போக்கி, பிளந்து, நடுவில் நட்சத்திரம் மாதிரி இருக்கிற முள்ளை ஊசி முனையால் நெம்பி எறிந்துவிட்டு, வாயில் போட்டேன். நாக்கெல்லாம் சிவப்பு. சார் கை தட்டினார். இரண்டாவது பழத்தை எடுத்தேன். தேய்க்கவில்லை. தூசியை மட்டும் ஊதினேன். 'மச்சான், பழம் தின்னு வளந்த ஒடம்புல்ல, இந்தாங்க, சாருக்குத் தின்னு காட்டுங்க' என்று துண்டோடு நீட்டினேன். பத்து வயது வரைக்கும் என்னோடு சேர்ந்து இதே பழத்தைத் தேய்த்துத் தேய்த்துத் தின்றவன்தான் தாயி அவன். முப்பது வருஷக் கிரானைட்டு அவன் கைக்குத் தெரிந்ததை மறக்கடித்துவிட்டது. எல்லாரும் பார்க்கிறார்கள் என்ற மிதப்பில் வாங்கினான், முழுசாக ஒரு கடி கடித்தான்.

முதலில், 'மாப்ள, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கே' என்றான். அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல நாக்கு இருந்தால்தானே. உதட்டில், நாக்கில், விரல் இடுக்கில் எல்லாம் முள். வாயிலிருந்து சிவப்புச் சாறு வடிவதைப் பார்த்து சாருடைய வீட்டம்மா 'ஐயோ ரத்தம்' என்று அலறிவிட்டார்கள். விக்ரம் ஆம்புலன்ஸுக்குப் போன் போடப் போனான், நான் தடுத்தேன். 'இதுக்கு டாக்டர் வேணாம் தம்பி, இந்த வைத்தியத்துல உலகத்துலயே நான்தான் ஒண்ணாம் நம்பர்' என்று சொல்லி, அவனை வன்னி மர நிழலில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தேன். சார் பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார். அவன் அண்ணாந்து வாயைத் திறந்தான். நான் முள்வாங்கியை எடுத்தேன். உன் அப்பன் இடுப்பில் கிடந்த அதே முள்வாங்கி, அன்றைக்கு உன் கையில் இருந்த அதே முள்வாங்கி. அதைப் பார்த்ததும் அவன் கண் மாறியது, எனக்குத் தெரிந்தது, அவனுக்கும் அது ஞாபகம் வந்துவிட்டது.

முதல் முள்ளை இடுக்கியில் பிடித்தேன், இழுக்கவில்லை. 'மச்சான், நாலு வருஷத்துக்கு முன்னால எங்க வேலியோரத்துல ஒரு வார்த்தை சொன்னீங்க, அது என்ன வார்த்தை' என்று கேட்டேன். திருதிருவென்று முழித்தான். 'சொன்னாத்தான் முள்ளு வரும்' என்றேன். வீங்கின உதட்டை வைத்துக்கொண்டு சொன்னான், கள்ளிக்காட்டுல வளந்த பிள்ளைக்கு என்று தொடங்கி, முழுசாகச் சொன்னான். முள்ளை எடுத்தேன். இரண்டாவது முள். 'அதைச் சொல்லும்போது உங்க காலு யாரு மடியில இருந்துச்சு?' 'பவதாரிணி மடியில.' எடுத்தேன். மூன்றாவது. 'அது என்ன செஞ்சுக்கிட்டு இருந்துச்சு?' 'எனக்கு முள்ளு எடுத்துச்சு.' நாலாவது. 'எடுத்ததுக்கு நன்றின்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?' அதற்கு மட்டும் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான், ஆட்டியதில் முள் இன்னும் உள்ளே போனது. வெங்கடசுப்பிரமணியன் சார், 'என்ன சின்னக்கருப்பன், முள் எடுக்கறேளா, விசாரணை நடத்தறேளா' என்று கேட்டார். 'ரெண்டுந்தான் சார், கண்ணாடியை ஆட்டாம பிடிங்க' என்றேன். இப்படி இருநூறு முள் எடுத்தேன் தாயி. உன் சின்னம்மா பன்னிரண்டு என்கிறாள். அவள் எண்ணினாள் என்றால் பன்னிரண்டாகவே இருக்கட்டும், என் மனசுக்கு அது இருநூறுதான்.

ஏழாவதோ எட்டாவதோ முள்ளில் நான் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீங்க என்று. அப்போது அவன் அழுதான். முள்ளுக்காக அழுதானா, கேள்விக்காக அழுதானா, எனக்குத் தெரியாது, சாருக்கும் பூதக்கண்ணாடியில் தெரியவில்லை. மேலூர்ச் சனத்திடம் தனக்கு ஊரில் தென்னந்தோப்பு இருக்கிறது என்று சொல்லித்தான் அவன் பெண்ணெடுத்தானாம். முப்பது வருஷமாக அவர்களில் ஒருத்தரைக்கூட ஊர்ப்பக்கம் கூட்டி வரவில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்தார்கள். காலில் முள் ஏறி அவன் நொண்டிக்கொண்டு நின்றபோது அவன் மச்சினன், 'எங்க மாமா உங்க தோப்பு, நானும் பாத்துக்கிட்டே வாரேன், கள்ளியாத்தான இருக்கு' என்று கேட்டிருக்கிறான். 'என்ன சொல்றதுன்னு தெரியல மாப்ள, வாயில வந்ததைச் சொல்லிட்டு ஓடிட்டேன். அது உங்க காடு மட்டும்னு ஆக்கிட்டு ஓடிட்டேன்' என்றான். நம் வேலிக்கு அந்தப் பக்கம் அவன் பிறந்த வீட்டுச் சுவர் இன்னும் நிற்கிறது, உனக்குத் தெரியுமே, கருப்பு படுத்துக்கிடக்குமே அந்தச் சுவர். சார் உருகிப் போய், 'பாவம், விட்டுடுங்கோ' என்றார். நான் விடவில்லை. தன் பொய்யை மறைக்க ஒருத்தன் எதை வேண்டுமானாலும் சொல்லட்டும், நானும் நாலு பொய் சொல்கிறவன்தான், ஆனால் என் பொய்யால் இதுவரைக்கும் எந்தப் பிள்ளையும் எழுந்திருக்க முடியாமல் மண்ணில் உட்கார்ந்ததில்லை. 'சரி மச்சான், இப்பப் புது வார்த்தை சொல்லுங்க' என்றேன். என்ன வார்த்தை என்றான். நீங்களே யோசிங்க என்றேன். சாறு வடிந்த மோவாயைத் துடைத்துக்கொண்டு, 'கள்ளிக்காட்டுல வளந்த பிள்ளை எனக்கு முள்ளு எடுத்துச்சு, நான் அதை முள்ளாக் குத்துனேன்' என்றான். வன்னி மர நிழலில், விக்ரம் சாட்சி, சார் சாட்சி, தோட்டக்காரம்மா சாட்சி. அந்த அம்மாவுக்குப் பாஷை புரியாவிட்டாலும் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு கடைசி வரைக்கும் நின்று பார்த்தாள்.

அப்புறம் மற்ற முள்ளையெல்லாம் எடுத்தேன். ஒன்றைத் தவிர. சார் கண்ணாடியைத் துடைக்க எடுத்துக்கொண்டு போன நேரத்தில், உள்ளுதட்டில் ஒன்று மின்னியது, நான் பார்த்தேன். பார்த்துவிட்டு முள்வாங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு, 'முடிஞ்சது மச்சான், வாயைக் கொப்பளிங்க' என்றேன். எனக்கு இதில் கொஞ்சம்கூட வருத்தமில்லை, திரும்பி வரும்போது ரயிலில் நன்றாகத் தூங்கினேன். உன் சின்னம்மாதான் ஜோத்பூரிலிருந்து மதுரை வரைக்கும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணனுக்குத் தயிர்சோறு பிசைந்து கொடுத்துக்கொண்டே வந்தாள். ஊருக்கு வந்து மூன்று வாரமாகிறது. ரசம் குடித்தால் குத்துகிறது, சிரித்தால் குத்துகிறது, கடையில் ஆளுக்கு விலை சொன்னால் குத்துகிறது என்று அவன் தங்கச்சிக்குத் தினமும் போன் பண்ணுகிறான். டாக்டருக்கும் கண்ணில் படவில்லையாம். படாது, நாக்கைச் சுழற்றினால் மறைகிற இடம்.

ஊர்ச் சங்கதி எழுத மறந்துவிட்டேன். தை மழை ஏமாற்றிவிட்டது, கிணற்றில் இரண்டு ஆள் மட்டத்துக்குத் தண்ணீர், சோளத்தட்டை ஆட்டுக்கு வைகாசி வரை வரும். நம் ஊருக்கு வரும் டவுன் பஸ்ஸை ஒரு நடை குறைத்துவிட்டார்கள், நான் போய் ஒரு சத்தம் போட்டேன், திரும்ப விடுகிறோம் என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் விடவில்லை. நான் ஜோத்பூரைப் பார்த்து வந்த பிறகு நம் வேலிக்கள்ளிக்கும் ஒரு பலகை எழுதி நட்டிருக்கிறேன், 'பறிக்கக் கூடாது' என்று. ஊரில் எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள், இதுவரைக்கும் ஐநூறு பேர் பார்த்திருப்பார்கள்.

இந்த இடம் வரைக்கும் எழுதியதை இப்போது உன் சின்னம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், திட்டுவாள் என்று எதிர்பார்த்துத்தான் வாசித்தேன். முழுசாகக் கேட்டாள். முறத்தில் இருந்த உளுந்தைப் புடைத்துக்கொண்டே, 'உள்ளுதடு இல்ல, இடது கடவாய்க்குப் பக்கத்துல, ஈறும் உதடும் சேருற எடம், சரியா எழுதுங்க' என்றாள். உனக்கெப்படித் தெரியும் என்றேன். 'நீங்க பழத்தைத் தேய்க்காம ஊதுனதையே நான் பாத்தேன்' என்றாள். பார்த்துவிட்டு ஏன் அண்ணனைத் தடுக்கவில்லை என்று கேட்டதற்கு, 'அன்னைக்கு அந்தப் பிள்ளை முகத்தையும் நான் பாத்தேன்ல' என்று சொல்லிவிட்டு, முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். டூர்த் தேதியை அண்ணனிடம் அவள் எதற்காகச் சொன்னாள் என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது தாயி. கேட்கப் பயமாகவும் இருக்கிறது.

உன் கேள்விக்கு வருகிறேன். சித்தார்த், உன்னோடு வேலை பார்க்கிற பிள்ளையின் அண்ணன், வருகிற புதன்கிழமை அங்கே புறப்படுகிறார். இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலம் கொடுத்துவிடுகிறேன், அதில் முள்வாங்கி இருக்கிறது. பிரித்து எண்ணெய் தடவி வை, ஈரமான ஊரில் துருப்பிடிக்கும். சிவபாண்டி வாயில் ஒரு முள் மிச்சம் இருக்கிறது, அது எந்த இடம் என்று இப்போது நம் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். எனக்குச் சேர வேண்டியதை நான் எடுத்துவிட்டேன், அந்தக் கடைசி முள் உன்னுடையது. நீ ஊருக்கு வருகிறபோது அவனை அதே வேலியோரத்துக்கு வரச் சொல்கிறேன், மேலூர்ச் சனத்தையும் கூட்டிக்கொண்டுதான் வர வேண்டும், அவர்களுக்கு முன்னால் அந்தப் புது வார்த்தையை அவன் சொல்லட்டும். இந்தத் தடவை அவன் குத்தவைத்து உட்காரட்டும், நீ நின்றுகொண்டு எடு. எடுக்க மனசில்லாவிட்டால் எடுக்காதே, ரசம் குடிக்காமலும் ஒருத்தன் உயிரோடு இருக்கலாம். அது சிவபாண்டியோடு உனக்கு இருக்கிற கணக்கு, அதில் நான் தலையிட மாட்டேன். முகேஷைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், அதற்கு மேல் உன் இஷ்டம். சிவபாண்டி வாய் நிறைய முள்ளை வைத்துக்கொண்டு, வீங்கின நாக்கால், கடைசியில் பேசினான். அன்றைக்கு வேலியோரத்தில் முகேஷ் உனக்கு இரண்டடி தள்ளி நின்றான். அவன் வாயில் ஒரு முள்ளும் இல்லை. தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

உடம்பைப் பார்த்துக்கொள். தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு வெளியே போகாதே. சித்திரைத் திருவிழாவுக்கு லீவு கிடைக்குமா என்று சின்னம்மா கேட்கச் சொன்னாள், கிடைத்தால் முன்கூட்டியே சொல், கோழி ஒன்றை உனக்கென்று விற்காமல் வைத்திருக்கிறாள். திரும்பி வரும்போது முள்வாங்கியைக் கைப்பையில் வைக்காதே, விமானத்தில் பிடுங்கிக்கொள்வார்களாம், பெரிய பெட்டிக்குள் துணிக்கு நடுவில் வை. உன் அப்பன் இருந்து சொல்ல வேண்டிய ஆசீர்வாதத்தையும் சேர்த்து நானே சொல்கிறேன்: எந்தத் தரையிலும் நீ நிமிர்ந்து நடப்பாய் தாயி, நூறு வருஷம் நன்றாக இருப்பாய்.

உன் அப்பனுக்குப் பதிலாக இருக்கிற சித்தப்பன்,
சின்னக்கருப்பன்
(சொன்னதெல்லாம் சரிதான் என்று பக்கத்தில் இருந்து கைநாட்டு வைத்தது: மலையம்மாள். முள் மட்டும் பன்னிரண்டு.)